மாணவர் ரேஸ் கார் சேஸிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்கள் தாங்களே ரேஸ் கார் கட்டிப் பங்கேற்கும் ஃபார்முலா எஸ்.ஏ.இ., ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளுக்கு எஃகுக் குழாயில் சேஸிஸ் செய்யும் அணிகளுக்கானது இந்தப் பக்கம். இதில் வரும் விதி எண்கள் ஃபார்முலா எஸ்.ஏ.இ. விதிநூலைச் சேர்ந்தவை. போட்டிக்குப் போட்டி, ஆண்டுக்கு ஆண்டு சில எண்கள் மாறும். குழாய் வாங்குமுன் நீங்கள் கலந்துகொள்ளும் போட்டியின் அந்த ஆண்டு விதிநூலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வரைவதை எங்கிருந்து தொடங்குவது?

டயரிலிருந்து. சேஸிஸ் என்பது சில புள்ளிகளை அவற்றின் இடத்தில் அசையாமல் பிடித்து வைக்கும் கூடு, அவ்வளவுதான். அந்தப் புள்ளிகள் முடிவாகாமல் குழாய் வரைந்தால் அதை மூன்று முறை வரைய வேண்டிவரும். டயரும் ரிம்மும் முடிவானால் அப்ரைட் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) எவ்வளவு பெரியது என்று தெரியும். அதிலிருந்து சஸ்பென்ஷன் கைகளின் உள்பக்கப் புள்ளிகள் வரும். அடுத்தது ஓட்டுநர் உட்காரும் நிலை, பிறகு என்ஜினும் டிஃபரன்ஷியலும். இவற்றைச் சுற்றி இரண்டு ஹூப்களையும் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைவுக் குழாய்கள்; பின்னால் மெயின் ஹூப், முன்னால் ஃப்ரன்ட் ஹூப்) பல்க்ஹெட்டையும் (கூட்டின் முன்முனைச் சட்டம்) நிறுத்தியபின் மிச்சமிருப்பது புள்ளிகளைக் குழாயால் இணைக்கும் வேலைதான்.

வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) குறைந்தது 1525 மி.மீ. இருக்க வேண்டும். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் பாதை என்பதால் பெரும்பாலான அணிகள் 1530 முதல் 1600 மி.மீ. வரைக்குள் நிறுத்திக்கொள்கின்றன. முன், பின் டிராக்குகளில் (இட, வலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம்) குறுகியது மற்றதில் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

சஸ்பென்ஷன் புள்ளிகளை உறையவைக்கும் தேதி ஒன்றை எழுதிவைத்து, அதற்குப்பின் யார் கேட்டாலும் மாற்றாதீர்கள். நேரம் கரைவது பெரும்பாலும் இங்கேதான். வெல்டிங்கை வேகப்படுத்தி அந்த நேரத்தை மீட்க முடியாது.

குழாய்ச் சட்டகமா, கார்பன் மோனோகாக்கா?

முதல் இரண்டு மூன்று கார்களுக்குக் குழாய்தான். மோனோகாக் (குழாய்களுக்குப் பதில் கார்பன் ஓடே சட்டகமாவது) இலகுவாகவும் விறைப்பாகவும் இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு அச்சு வேண்டும், நம்பகமான க்யூரிங் (பிசினை இறுகவைக்கும்) வசதி வேண்டும். ஒவ்வொரு லேஅப்புக்கும் (கார்பன் அடுக்கு வரிசைக்கும்) சோதனைப் பலகை செய்து, மூன்று புள்ளி வளைவுச் சோதனையும் விளிம்பு ஷியர் சோதனையும் நடத்தி, எஃகுக் குழாய்க்கு நிகர் என்று காட்ட வேண்டும். பிராக்கெட் வரும் இடமெல்லாம் இன்ஸெர்ட் (உள்ளே பதிக்கும் கெட்டித் துண்டு) முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். குழாய்ச் சட்டகத்தில் ஒரு பிராக்கெட் 5 மி.மீ. தள்ளிப்போனால் கிரைண்டரை எடுத்து வெட்டி மறுபடி ஒட்டலாம். கார்பனில் அது ஒரு வார வேலை.

4130 குரோமோலியா, சாதாரண மைல்டு ஸ்டீலா?

4130 (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) போட்டால் சேஸிஸ் விறைப்பாகும் என்பது பரவலான தவறான எண்ணம். யங் மாடுலஸ் (பொருளின் விறைப்பு அளவு) இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 200 ஜிகாபாஸ்கல் அளவில். ஒரே அளவுக் குழாய் என்றால் விறைப்பும் ஒன்றே. வலிமையில் 4130 கூடுதல்தான், ஆனால் விதிநூல் அதற்குத் தனி மதிப்பெண் தருவதில்லை. எந்த எஃகானாலும் கணக்கில் வெல்டு செய்யாத இடத்துக்கு ஈல்டு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு) 305 மெகாபாஸ்கல், வெல்டு செய்த இடத்துக்கு 180 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தையலில்லாத 4130 குழாயின் உண்மையான நன்மை வேறு: சுவர் தடிமன் சீராக இருக்கும், நேராக இருக்கும், மெல்லிய அளவுகள் கிடைக்கும். இழுத்து நீட்டிச் செய்த நல்ல குழாய் மைல்டு ஸ்டீலில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது சோதனைச் சான்றிதழையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். கட்டமைப்பு நிகர்மை ஆவணத்தில், அதாவது எல்லோரும் எஸ்.ஈ.எஸ். என்று சொல்லும் அந்தக் கணக்குத்தாளில், அவை தேவைப்படும்.

எந்த இடத்துக்கு எந்தக் குழாய்?

விதிநூல் குழாய் அளவுகளை எழுத்தால் குறிக்கிறது; முக்கியமான மூன்று இவை. கீழே உள்ளவை வழக்கமாகப் பயன்படுத்தும் வட்டக் குழாய்கள்.

- அளவு ஏ: 25.4 × 2.4 மி.மீ., மீட்டருக்கு 1.36 கிலோ. மெயின் ஹூப், ஃப்ரன்ட் ஹூப், தோள் பெல்ட் கட்டும் குறுக்குக் குழாய்.
- அளவு பி: 25.4 × 1.6 மி.மீ., மீட்டருக்கு 0.94 கிலோ. ஃப்ரன்ட் பல்க்ஹெட், பக்கவாட்டு மோதல் குழாய்கள், ஹூப் தாங்கிகள்.
- அளவு சி: 25.4 × 1.2 மி.மீ., மீட்டருக்கு 0.72 கிலோ. பல்க்ஹெட்டைத் தாங்கும் குழாய்கள், மெயின் ஹூப் தாங்கியைத் தாங்கும் குழாய்கள்.

விதியின் கீழ் வராத குழாய்களை, உதாரணமாக என்ஜின் பகுதியின் சில குறுக்குகளை, இன்னும் சிறிதாகப் போடலாம். எடையை முன்கூட்டியே கணக்கிடுவது எளிது. ஏ 5 மீட்டர், பி 14 மீட்டர், சி 12 மீட்டர் என்றால் 6.8 + 13.2 + 8.6, மொத்தம் 28.6 கிலோ. பிராக்கெட்டுகளும் தகடுகளும் சேர்ந்து 3 முதல் 4 கிலோ கூடும். வரைபடத்திலேயே 40 கிலோவைத் தாண்டினால், எங்கோ தேவையில்லாத குழாய் ஓடுகிறது.

1.6 என்று சொல்லி விற்கும் குழாய் 1.5 ஆக இருப்பதுண்டு. ஒவ்வொரு நீளத்தின் இரு முனையையும் மைக்ரோமீட்டரால் அளந்து, குழாய் மேலேயே எழுதிவையுங்கள். ஆய்வாளர் அல்ட்ராசோனிக் கருவியோடு வருவார். அவர் கேட்டால் குழாயில் ஆய்வுத் துளை போட வேண்டியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹூப்களில் கவனிக்க வேண்டியவை என்ன?

மெயின் ஹூப் வெட்டில்லாத ஒரே குழாயாக இருக்க வேண்டும். அதன் கால்கள் கீழே பிரதான சட்டகத்தோடு சேரும் இடத்தில் உள்ளளவு குறைந்தது 380 மி.மீ. மேல்பகுதி செங்குத்திலிருந்து 10 பாகைக்கு மேல் சாயக் கூடாது. அதன் தாங்கிகள் உச்சியிலிருந்து 160 மி.மீ.க்குள் சேர வேண்டும். ஹூப்புக்கும் தாங்கிக்கும் இடையே 30 பாகையாவது வேண்டும். தாங்கிகள் நேராக இருக்க வேண்டும், வளைவு கூடாது.

ஃப்ரன்ட் ஹூப்பின் உச்சி ஸ்டியரிங் வீலின் உச்சிக்குக் கீழே போகக் கூடாது. வீலுக்கு முன்னால் 250 மி.மீ.க்கு மேல் தள்ளியும் இருக்கக் கூடாது. ஓட்டுநரின் ஹெல்மெட், இரண்டு ஹூப் உச்சிகளையும் இணைக்கும் கோட்டுக்குக் கீழே குறைந்தது 50 மி.மீ. இடைவெளியோடு இருக்க வேண்டும்.

வளைக்கும்போது வளைவின் ஆரம், மையக்கோட்டில், குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது. 25.4 மி.மீ. குழாய்க்கு 76 மி.மீ. சுருக்கமோ நசுங்கலோ தெரிந்தால் அந்த ஹூப் குப்பைக்குத்தான். மாண்ட்ரல் (வளைக்கும்போது குழாய்க்குள் நின்று தாங்கும் கம்பி) உள்ள வளைப்பு இயந்திரத்தில் செய்வது நல்லது. குழாய் வளைத்தபின் கொஞ்சம் திரும்பும், ஆகவே அதே குழாயின் வெட்டுத்துண்டில் முதலில் 90 பாகை வளைத்து, எவ்வளவு திரும்புகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஹூப்பை 1:1 அச்சுத்தாளின் மேல் வைத்துச் சரிபார்த்துவிட்டு ஜிக்கில் (வெல்டு முடியும்வரை குழாய்களை இடத்தில் பிடிக்கும் சட்டத்தில்) ஏற்றுங்கள். ஒன்று கெடும் என்று வைத்து குழாயை உபரியாக வாங்குவது புத்திசாலித்தனம்.

எங்கள் ஓட்டுநர்கள் எல்லோரும் குள்ளம். காக்பிட்டைச் சிறிதாக்கலாமா?

கூடாது. ஆய்வாளர் உங்கள் ஓட்டுநரோடு சேர்த்து 95ஆம் சதமான ஆணைக் குறிக்கும் தட்டை மாதிரி ஒன்றையும் உள்ளே வைத்துப் பார்ப்பார். இடுப்புக்கு 200 மி.மீ. வட்டம், தோளுக்கு இன்னொரு 200 மி.மீ. வட்டம், ஹெல்மெட்டுக்கு 300 மி.மீ. வட்டம். இடுப்பிலிருந்து தோள் 490 மி.மீ., தோளிலிருந்து தலை 280 மி.மீ. பெடலிலிருந்து இடுப்பு மையம் 915 மி.மீ.யாவது இருக்க வேண்டும்.

இது தவிர, காக்பிட் திறப்புக்கும் உள் குறுக்குவெட்டுக்கும் தனித்தனி வார்ப்புருக்கள் உண்டு. உள் வார்ப்புரு பெடலுக்கு 100 மி.மீ. பின்னால் வரை தடையில்லாமல் போக வேண்டும். பல அணிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: கணினி மாதிரியில் குழாய்கள் மட்டும் இருக்கும், ஸ்டியரிங் ரேக்கும் அதன் பிராக்கெட்டும் ஒயரிங்கும் இருக்காது. வார்ப்புருவைக் கணினி மாதிரியில் ஒரு திடப்பொருளாகவே முதல் நாளிலிருந்து வைத்துவிடுங்கள். குழாய் வெட்டுமுன் பி.வி.சி. குழாயிலும் பிளைவுட்டிலும் ஒரு போலிக் கூடு கட்டி, மிக உயரமானவரையும் மிகக் குட்டையானவரையும் ஹெல்மெட்டோடு உட்காரவைத்து, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பச் சொல்லுங்கள். முழங்கால் இடிக்கும் இடம் உடனே தெரிந்துவிடும்.

சஸ்பென்ஷன் புள்ளி நோடிலேயே இருக்க வேண்டுமா? சற்றுத் தள்ளினால் என்ன?

நோடு என்பது குழாய்கள் சேரும் இடம். குழாய் இழுவையையும் அழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும், வளைவைத் தாங்காது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரு முனையும் வெல்டு செய்த 400 மி.மீ. நீளமுள்ள 25.4 × 1.2 குழாய். பக்கவாட்டில் 3000 நியூட்டன் விசை. விசை நோடிலிருந்து 20 மி.மீ. தள்ளி விழுந்தால் வெல்டு அருகே வளைவுத் தகைவு சுமார் 100 மெகாபாஸ்கல். 50 மி.மீ. தள்ளினால் சுமார் 220. வெல்டு இடத்துக்கு அனுமதித்த 180ஐ அது தாண்டிவிட்டது.

ஆகவே 20, 25 மி.மீ. வரை சமாளிக்கலாம்; அதற்கு மேல் வேண்டாம். வேறு வழியில்லை என்றால் அந்த ஒரு குழாயை மட்டும் தடித்ததாக்குங்கள், அல்லது குட்டையான ஒரு குறுக்கை அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பிரிங்–டேம்பரும் பெல்கிராங்கும் (விசையின் திசையைத் திருப்பும் நெம்புகோல்) பொருந்தும் இடத்தில் கைகளைவிடப் பெரிய விசை வரும். அந்த நோடை முதலில் பாருங்கள்.

முக்கோணமாக்கலில் ஒரே விதி: ஒவ்வொரு நாற்கர அறையிலும் ஒரு மூலைவிட்டம் வேண்டும். காக்பிட் திறப்பில் அது முடியாது. முழு சேஸிஸின் முறுக்கில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கும். பக்கவாட்டுச் சுவர்களின் ஆழத்தைக் கூட்டுவதும், ஃப்ரன்ட் ஹூப்பின் இரு பக்கமும் நோடுகளைச் சுத்தமாகச் சேர்ப்பதும் அங்கே பலன் தரும். மூக்குப் பகுதியில் கூடுதல் குழாய் போட்டு எடை ஏற்றுவது பலன் தராது.

முறுக்கு விறைப்பு எவ்வளவு இருந்தால் போதும்?

சஸ்பென்ஷனின் உருள் விறைப்பைப்போல் (திருப்பத்தில் கார் பக்கவாட்டில் சாய்வதை எதிர்க்கும் விறைப்பு) மூன்று மடங்காவது. ஓட்டுநரோடு தொங்கு நிறை (ஸ்பிரிங்குகள் தாங்கும் நிறை) 280 கிலோ, உருள் அச்சிலிருந்து ஈர்ப்பு மையம் 0.25 மீட்டர் உயரம் என்று கொள்வோம். 1 ஜி பக்கவாட்டு முடுக்கத்தில் உருள் திருப்பம் 280 × 9.81 × 0.25, அதாவது 690 நியூட்டன் மீட்டர் அளவு. 1 ஜிக்கு 1 பாகை உருள வேண்டும் என்றால் உருள் விறைப்பு பாகைக்கு 690. அதன் மூன்று மடங்கு சுமார் 2000. ஐந்து மடங்கு 3500.

இரண்டாயிரத்தில் ஆன்டி-ரோல் பாரை (உருளலைக் குறைக்கும் கம்பியை) மாற்றினால் ஓட்டுநர் உணர்வார். ஐந்நூறில் எதை மாற்றினாலும் சேஸிஸ் முறுக்கி அதை விழுங்கிவிடும். மூவாயிரத்துக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு நூறும் எடையாகத்தான் திரும்பி வரும். டிசைன் நீதிபதிகள் பெரிய எண்ணைக் கண்டு மயங்குவதில்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்பார்கள்.

கணினிப் பகுப்பாய்வில் பொதுவாக எங்கே தவறு நேர்கிறது?

எல்லை நிபந்தனையில், அதாவது மாதிரியை எங்கே, எப்படிப் பிடித்து வைக்கிறோம் என்பதில். பின் சஸ்பென்ஷன் புள்ளிகள் எட்டையும் எல்லாத் திசையிலும் இறுக்கிவிட்டால், சட்டகத்தின் பின்பாதியை நீங்களே கான்கிரீட் ஆக்கிவிட்டீர்கள். விறைப்பு பொய்யாக ஏறும். சஸ்பென்ஷன் கைகளையும் மாதிரியில் சேர்த்து, டேம்பருக்குப் பதில் விறைப்பான கம்பி போட்டு, பின் சக்கர மையங்களைப் பிடித்து, முன் சக்கர மையங்களில் எதிரெதிர் செங்குத்து விசை கொடுங்கள். குழாய்களுக்குப் பீம் எலிமென்ட் போதும். திட எலிமென்டில் முழுச் சட்டகத்தையும் ஓட்டுவது வீண் வேலை.

அடிப்படை மாதிரி ஓடியதும் ஒவ்வொரு குழாயாக நீக்கிப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு எவ்வளவு விறைப்பு போகிறது என்று பட்டியலிடுங்கள். பட்டியலின் அடியில் இருப்பவை, விதி கேட்காதவையாக இருந்தால், வெளியே போகலாம். விறைப்பு முடிந்தபின் வலிமைக்கு பிரேக்கிங், திருப்பத்தில் ஓடுவது, மேடு ஏறும் அடி, இவை ஒன்றுசேரும் நிலை என்று தனித்தனியாக ஓட்டுங்கள்.

என்ஜின் பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டுமா?

செயின் இழுவையைப் பெரும்பாலோர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பின் சக்கரங்களில் 170 கிலோ பாரம், பிடிப்பு 1.5 என்றால் தரையில் 2500 நியூட்டன். டயர் ஆரம் 0.23 மீட்டர், பின் ஸ்ப்ராக்கெட் ஆரம் 0.095 மீட்டர் என்றால் செயினில் 6000 நியூட்டன். கிளட்ச்சைச் சட்டென்று விடும்போது அதற்கும் மேலே போகும். என்ஜினின் பின் மவுன்டையும் டிஃபரன்ஷியல் தாங்கியையும் நேரடியாக இணைக்கும் குழாயோ தகடோ இல்லையென்றால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும், செயின் தளரும், தாவும்.

என்ஜினைச் சட்டகத்தின் ஒரு பாகமாகவே பயன்படுத்தலாம், நல்ல விறைப்பு கிடைக்கும். ஆனால் அதை எந்தப் பக்கமாக வெளியே எடுப்பது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். கழற்றும் குழாய் தேவைப்பட்டால் இரட்டைக் காது போல்ட் இணைப்பு போடுங்கள். ஸ்பேனர் உள்ளே நுழைகிறதா என்பதையும் வரைபடத்திலேயே பார்க்க வேண்டும்.

ஜிக் எப்படிக் கட்டுவது?

தட்டையான தளம் இல்லாமல் தொடங்காதீர்கள். எஃகு மேசை சிறந்தது. 3 மீட்டர் நீளத்தில் 1 மி.மீ.க்குள் தட்டையாக இருந்தால் போதும். தளத்தில் மையக்கோட்டையும் முன் அச்சுக் கோட்டையும் கீறி, எல்லா அளவையும் அவற்றிலிருந்தே எடுங்கள். குழாயிலிருந்து குழாய்க்கு அளந்துகொண்டே போனால் பிழை கூடிக்கொண்டே போகும்.

லேசரில் வெட்டிய எஃகுத் தகடுகளைத் துளை–நாக்கு முறையில் நிறுத்தினால் வேகமாக வேலை நடக்கும். எம்.டி.எஃப். பலகை மலிவு, ஆனால் வெல்டு சூட்டில் கருகும். டேக் (தற்காலிகச் சிறு வெல்டு) போடுவதற்கு மட்டும் சரி. முதலில் மெயின் ஹூப், பிறகு ஃப்ரன்ட் ஹூப், பல்க்ஹெட், தரைக் குழாய்கள், பக்கவாட்டு மோதல் குழாய்கள், கடைசியில் மூலைவிட்டங்கள்.

நாட்ச் வெட்டு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்?

நாட்ச் என்பது ஒரு குழாய் மற்றொன்றின் மேல் பொருந்த அதன் முனையில் வெட்டும் குழிவு. இடைவெளி 0.5 மி.மீ.க்குள். 1.2 மி.மீ. சுவர்க் குழாயில் 1 மி.மீ. இடைவெளியை நிரப்பப் போனால் ஓட்டை விழும், அல்லது அளவுக்கு மீறிச் சூடேறி இழுக்கும். கணினி மாதிரியிலிருந்து விரித்த வடிவத்தை 1:1 அச்சடித்து, குழாயைச் சுற்றி ஒட்டி, கோடு வரை கிரைண்டரில் வெட்டி, அரத்தால் முடிக்கலாம். ஒரு குழாயின் இரு முனைக்கும் உள்ள சுழற்சிக் கோணம் தவறுவதே அதிகம். தாளில் நீளவாக்கில் ஒரு குறிப்புக்கோடு அச்சடித்தால் அது தவிரும். நான்கைந்து குழாய்கள் சேரும் நோடில் எது முதலில் வெல்டாகும், எது அதன்மேல் ஏறும் என்று எழுதிவைத்துவிட்டு வெட்டுங்கள்.

வெல்டிங்கில் சட்டகம் கோணலாவதை எப்படித் தடுப்பது?

முழுதாகத் தடுக்க முடியாது, சமப்படுத்தலாம். எல்லா நோடையும் மூன்று அல்லது நான்கு டேக்கில் பிடித்தபின், மறுபடி அளந்துவிட்டுத்தான் முழு வெல்டு. நடுவிலிருந்து முனைகளை நோக்கிப் போங்கள். இடப்பக்கம் ஒரு நோடில் கால் சுற்று, உடனே வலப்பக்கத்தில் அதே நோடில் கால் சுற்று. ஒரு நோடை ஒரே மூச்சில் சுற்றி முடிப்பதுதான் இழுப்புக்கு முதல் காரணம்.

டிக் (TIG) வெல்டிங்கே பொருத்தம். 1.6 மி.மீ. சுவருக்கு 60 ஆம்பியர் அளவில் தொடங்கி, வெட்டுத்துண்டில் பார்த்துச் சரிசெய்யலாம். ஃபில்லராக ஈஆர்70எஸ்-2 போதும், 4130க்கும் பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். ஆர்கான் நிமிடத்துக்கு 7 முதல் 10 லிட்டர். இந்தத் தடிமனுக்கு முன்சூடு தேவையில்லை, ஆனால் வெல்டை ஈரத்துணியால் குளிரவைக்கக் கூடாது. 4130 அங்கேயே நொறுங்கும் தன்மை பெறும். இணைப்பிலிருந்து 25 மி.மீ. வரை துருவும் எண்ணெயும் போகத் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். முற்றிலும் மூடிய குழாயில் கடைசி வெல்டு போடும்போது உள்ளே காற்று சூடேறி வெல்டை ஊதித் தள்ளும்; அதற்குச் சிறு துளை விடுங்கள்.

வெல்டு அழகாகத் தெரியவில்லை என்று கிரைண்டரால் தேய்த்து மழுப்பாதீர்கள். வலிமையும் போகும், ஆய்வாளருக்கும் சந்தேகம் வரும்.

சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளை எப்போது வெல்டு செய்வது?

எல்லாம் முடிந்தபின். சட்டகம் முழுதும் வெல்டாகி, ஆறி, மறுபடி அளந்தபின் புதிய மையக்கோட்டை எடுத்து, அதிலிருந்து பிராக்கெட் புள்ளிகளை வையுங்கள். சட்டகம் 3 மி.மீ. இழுத்திருந்தாலும் பிராக்கெட்டுகள் சரியான இடத்தில் இருந்தால் கார் நேராக ஓடும். முன்பின் இரு புள்ளிகளையும் ஒரே நேர் கம்பியில் கோத்துப் பிடித்து டேக் போடுங்கள். இரு காதுகளுக்கு நடுவே பித்தளை அல்லது அலுமினிய ஸ்பேசர் இருக்கட்டும், இல்லையென்றால் காதுகள் உள்நோக்கி மடங்கும். இரட்டை ஷியர் (போல்ட்டை இரு பக்கமும் தாங்கும் அமைப்பு) தவிர வேறெதுவும் வேண்டாம். போல்ட்டின் மரை பிராக்கெட் துளைக்குள் அமரக் கூடாது.

முன்மோதல் தாங்கியை நாமே வடிவமைக்க வேண்டுமா?

இது மூக்கில் இருந்து மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் பாகம். அங்கீகரிக்கப்பட்ட நுரைத் தாங்கியைப் போட்டுவிடலாம். முதல் ஆண்டில் அதுவே நல்லது. சொந்தமாகச் செய்தால் 300 கிலோ நிறை நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் மோதும் 7350 ஜூல் ஆற்றலைத் தாங்கி, சராசரி 20 ஜி, உச்சம் 40 ஜியைத் தாண்டாமல் இருப்பதைச் சோதனையில் காட்ட வேண்டும். பின்னால் வரும் தடுப்புத் தகடு எஃகானால் 1.5 மி.மீ., அலுமினியமானால் 4 மி.மீ.

மின்சாரக் காரில் என்ன மாறும்?

பேட்டரிப் பெட்டியும் உயர்மின்னழுத்தப் பாகங்களும் சட்டகத்தின் பாதுகாப்பு உறைக்குள் இருக்க வேண்டும். பக்கவாட்டிலும் பின்னாலும் மோதல் குழாய்கள் கூடும். பெட்டியின் எடையும் மவுன்ட் புள்ளிகளும் முடிவாகாமல் பின்பாதியைத் தொட வேண்டாம்.

கட்டி முடித்த சட்டகத்தின் விறைப்பை எப்படி அளப்பது?

பின் ஹப்களைத் தளத்தோடு இறுக்குங்கள். டேம்பர்களுக்குப் பதில் எஃகுக் கம்பி. முன் ஹப்களைக் குறுக்கு உத்திரத்தில் பொருத்தி, உத்திரத்தின் நடுவில் கத்திமுனைத் தாங்கி கொடுங்கள். உத்திரத்தின் ஒரு நுனியில் எடை ஏற்றுங்கள். 1 மீட்டர் தூரத்தில் 500 நியூட்டன் என்றால் முறுக்கு 500 நியூட்டன் மீட்டர். 1 மீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு டயல் கேஜ்களின் வித்தியாசம் 4.4 மி.மீ. வந்தால் கோணம் 0.25 பாகை, விறைப்பு பாகைக்கு 2000.

முதல் ஏற்றத்தின் அளவை எடுக்காதீர்கள், அது இணைப்புகளின் தளர்வை உள்வாங்கியது. ஒருமுறை ஏற்றி இறக்கி, பிறகு படிப்படியாக ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளவெடுங்கள். டயல் கேஜ்களைப் பின் ஹப்பருகிலும் வையுங்கள்; பிடிமானம் அசைந்தால் அங்கே தெரியும், அதைக் கழிக்கலாம். கணினி எண்ணைவிட அளவு குறைவாக வருவது வழக்கம். கால் பங்குக்கு மேல் குறைந்தால் வெல்டைவிட பிராக்கெட்டையும் ராட் எண்டையும் (கைகளின் நுனியிலுள்ள பந்து மூட்டு) முதலில் சந்தேகப்படுங்கள்.

பெயிண்டா, பவுடர் கோட்டிங்கா?

இரண்டும் சரி. பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புமுன் எல்லா பிராக்கெட்டும் வெல்டாகிவிட்டதா என்று காரை ஒருமுறை முழுதாகப் பொருத்திப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒயரிங் பிடிக்கும் சின்னக் காதுகளும் மூடித்தகடு பிடிக்கும் காதுகளும்தான் மறந்துபோகும். மரைகள், துளைகள், மின் எர்த் புள்ளிகள் ஆகியவற்றை மூடிவையுங்கள். ஆய்வுத் துளைகள் இருந்தால் அவற்றின் உள்ளே பவுடர் போகாதபடி அடைத்துக் கொடுங்கள்.